வாடகை மண்ணில் பூக்கன்று நடலாமா?



மாசி, பங்குனி மாதங்களில் வளைகுடா நாடுகளுக்கு வசந்தம் வருகிறது. பாலைவனத்தில் என்ன வசந்தம் என்று கேட்பவர்கள் இம்மாதங்களில் ஒருமுறை இங்கு வந்து பார்க்க வேண்டும். டுபாயிலும் அபுதாபியிலும் பெருந்தெருக்களின் நடுவே பெற்றூனியாவும் செவ்வந்தியும் கம்பளம் விரித்தாற்போலப் பூத்துக் கிடக்கும். வீட்டு மதில்களின் மேலால் போகன்வில்லா கொத்துக் கொத்தாகத் தொங்கும். மாரியில் இரண்டொரு மழை நன்றாகப் பெய்திருந்தால் நகருக்கு வெளியே மணல் மேடுகளும் பச்சை பிடிக்கும். நெருஞ்சி இனத்துக் கொடிகள் மஞ்சட் பூக்களை விரிக்கும். தெருவோரத்து எருக்கு பூத்து நிற்கும். எருக்கம்பூவைக் கண்டதும் ஊர்ப் பிள்ளையார் கோவில் வீதியை நினையாதவர் எம்மில் யார்?

ஆனால் இந்த வசந்தத்தின் ஒழுங்கு வேறு. கனடாவிலும் நோர்வேயிலும் வாழும் எமது உறவினர்க்கு வசந்தம் தோட்டத்தின் தொடக்கம். பனி உருகிய பின் மண்ணைக் கிளறி, மே மாதத்தில் கன்று வைத்து, கோடை முழுவதும் அவர்கள் பயன் காண்பர். எமக்கோ வசந்தம் தோட்டத்தின் உச்சமும் முடிவும் ஆகும். புரட்டாதிக் கடைசியில் வெயில் சற்றுத் தணிந்ததும் மண் கொத்தி விதை போடுகிறோம். கார்த்திகையில் மொட்டு வருகிறது. மாசியில் முற்றம் நிறையப் பூக்கிறது. எமது முன்னோர் இளவேனில் என்று வகுத்த சித்திரையும் வைகாசியும் பிறக்கும்போது இங்கு அனற்காற்று வீசத் தொடங்கிவிடும். ஆனி, ஆடியில் வெப்பம் 45 பாகையைத் தாண்டுவது சாதாரணம். பெற்றூனியா அதற்கு முன்பே வைக்கோலாகிவிடும். இங்கு பூந்தோட்டம் செய்பவர் ஒவ்வொருவரும், ஏழெட்டு மாதத்தில் இது அழியும் என்று தெரிந்துகொண்டே விதை போடுகிறார்.

பூக்கன்றின் நிலை மாத்திரமல்ல, எமது நிலையும் அதுவே. வளைகுடா ஒத்துழைப்புக் குழுவிலுள்ள ஆறு நாடுகளில் ஒன்றுகூட 1951 ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் சேரவில்லை. ஆகவே இங்கு அகதி என்ற பத்திரம் கிடையாது. போரினால் ஊரை விட்டு வந்தவரும், சம்பளத்துக்காக மாத்திரம் வந்தவரும் ஒரே வேலை விசாவில்தான் இருக்கிறோம். ஐக்கிய அரபு அமீரகம் 2019 முதல் சிலருக்கு நீண்டகால விசா வழங்கி வருகிறது என்றாலும், எம்மில் பெரும்பாலோரின் இருப்பு வேலையோடு கட்டப்பட்டது. வேலை போனால் நாடும் போகும்.

இந்த நிலையில் வாடகை வீட்டு முற்றத்தில் கன்று நட்டுக்கொண்டிருந்த எம்மைப் பார்த்து, வயதில் மூத்த ஒருவர் ஒருமுறை கேட்டார்: "தம்பி, விசா முடிஞ்சால் நாளைக்குப் பெட்டியோடை வெளிக்கிட வேண்டிய ஆக்கள் நாங்கள். இந்தக் கறிவேப்பிலையை ஆருக்கு நடுறியள்?"

அவர் வேடிக்கையாகத்தான் கேட்டார். ஆனால் அந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. எமக்குரியதல்லாத மண்ணில் உழைப்பையும் காசையும் போடுவது புத்தியான செயலா? குடிக்கும் நீரையே கடலிலிருந்து காய்ச்சியும் வடித்தும் எடுக்கும் நாட்டில், பூவுக்கு நீர் விடுவது நியாயமா? ஊரிலே எமது வளவுகள் பற்றை மண்டிக் கிடக்க, இங்கு பூப் பார்த்து மகிழ்வது மறதி ஆகாதா? இவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

கணக்குப் புத்தகம் சொல்வது

கணக்காளர் தொழிலில் இருக்கும் எமக்கு முதலாவது கேள்வி பழக்கமானது. ஒரு நிறுவனம் வாடகைக் கட்டடம் ஒன்றை எடுத்து, தன் செலவில் சுவர் எழுப்பி, தளம் போட்டு, விளக்குப் பொருத்தினால் அந்தச் செலவைக் கணக்கில் எப்படிக் காட்டுவது? அது சொத்துத்தான், ஆனால் குத்தகைக் காலத்துக்குள் எழுதித் தீர்க்க வேண்டிய சொத்து. குத்தகை மூன்று ஆண்டு என்றால், சுவர் முப்பது ஆண்டு நிற்கக்கூடியதாக இருந்தாலும் மூன்றே ஆண்டில் அதன் பெறுமதி புத்தகத்தில் பூச்சியம் ஆகிவிட வேண்டும்.

இதே முறையில் முற்றத்தைப் பார்ப்போம். மண்ணுக்கும் எருவுக்கும் கன்றுகளுக்குமாக 300 திர்ஹம் செலவழித்தோம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 100 வீதம் கழித்தால் மூன்றாம் ஆண்டு முடிவில் மிச்சம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மூன்றாம் ஆண்டில்தான் கறிவேப்பிலை ஆளுயரம் வளர்ந்து, அயல் வீடுகளுக்கும் இலை கொடுக்கத் தொடங்குகிறது. மல்லிகை பந்தலேறுகிறது. புத்தகத்தில் பூச்சியமாகும் அதே நாளில் முற்றத்தில் மரம் முழுமை பெறுகிறது.

புத்தகம் பொய் சொல்லவில்லை. எங்களுக்கு என்ன மிஞ்சும் என்ற ஒரே கேள்விக்கு அது சரியான விடையைத் தருகிறது. மரத்தைப் பற்றி அதனிடம் எவரும் கேட்கவில்லை. எமது துன்பம் என்னவென்றால், நாடு விட்டு நாடு வந்து வாழும் நாம், இந்த ஒரு புத்தகத்தைக் கொண்டே வாழ்க்கை முழுவதையும் அளக்கப் பழகிவிட்டோம். "எத்தனை நாளைக்கு இருக்கப் போகிறோம்?" என்று சொல்லிச் சொல்லியே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஒரு வீட்டில் கழித்து, ஒரு துளசியும் வைக்காமல் போனவர்கள் எம்மிடையே உண்டு. அவர்கள் காசை மிச்சம் பிடித்தார்கள் என்பது உண்மையே. அத்தனை ஆண்டுகளையும் வாழாமல் தள்ளி வைத்தார்கள் என்பதும் உண்மையே.

மண் ஒருவருக்கு, மரம் ஒருவருக்கு

மண்ணின் உரிமையும் மரத்தின் உரிமையும் ஒன்றல்ல என்பது எமது முன்னோர் நன்கு அறிந்த விடயம். யாழ்ப்பாணத்தின் தேசவழமைச் சட்டம் ஒல்லாந்தர் ஆட்சியில் 1707 அளவில் கிளாஸ் ஐசாக்ஸ் என்ற அதிகாரியினால் தொகுக்கப்பட்டது. பின்னர் 1806 இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர். அதில் ஒருவருடைய நிலத்தில் இன்னொருவர் மரம் நட்டு வளர்த்தால், நட்டவருக்கும் நிலக்காரருக்கும் பயனை எவ்வாறு பங்கிடுவது என்று சொல்லப்பட்டிருக்கிறது. நிலம் உன்னுடையதல்ல என்பதற்காக உன் உழைப்பு ஒன்றுமில்லை என்று எமது வழமை சொல்லவில்லை.

நாம் வாழும் இந்த அரபு மண்ணிலும் அதே எண்ணம் உண்டு. பிறருடைய பேரீச்சந் தோட்டத்தைப் பராமரித்து, விளைச்சலில் பங்கு பெறும் உடன்பாட்டுக்கு இஸ்லாமியச் சட்டத்தில் முஸாக்காத் என்று பெயர். ஊழி நாளே வந்துவிட்டாலும் கையிலுள்ள கன்றை நட்டுவிட வேண்டும் என்ற கருத்துடைய நபிமொழி ஒன்றும் அரபு மக்களிடையே பெரிதும் அறியப்பட்டது.

இன்றைய வாடகை ஒப்பந்தத்தில் எமக்கு அப்படி ஒரு பங்கு எழுதப்படுவதில்லை என்பது வேறு விடயம். ஆகவே வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமல் வேர் பரந்து மதிலையும் குழாயையும் உடைக்கும் மரங்களை நடுவது தவறு. பிறர் மண்ணில் நடுபவருக்கு முதற் கடமை, அந்த மண்ணுக்குச் சேதம் வராமற் பார்ப்பது.

எமக்கு முன்னே வந்தவை

இந்த மண் எமக்கு அந்நியமானது என்ற எண்ணத்தையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம். ஐக்கிய அரபு அமீரகத்தின் தேசிய மரம் காஃப். 2008 இல் அது தேசிய மரமாக அறிவிக்கப்பட்டது. 2019 ஆம் ஆண்டைச் சகிப்புத்தன்மைக்குரிய ஆண்டாக அந்நாடு கொண்டாடியபோது அதன் சின்னமாகவும் இருந்தது. இந்தக் காஃப் வேறொன்றுமல்ல, எமது வன்னி மரமே. விருத்தாசலம் சிவன் கோவிலின் தல விருட்சம் வன்னி. பாரதக் கதையில் பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததும் வன்னியில்தான். பஹ்ரைன் பாலைவனத்தில் தனித்து நின்று, வாழ்வின் மரம் என்று பெயர் பெற்று, 400 ஆண்டுகளுக்கு மேலாகத் தழைத்திருப்பதும் அதே வன்னி. நீரைத் தேடி அதன் வேர் 30 மீற்றர் வரையும் ஆழச் செல்லக்கூடியது. பங்குனியிலும் சித்திரையிலும் அது இளம் மஞ்சட் பூங்கதிர் விடும்போது, பாலைவனத்தில் வண்டுகளின் திருவிழா நடக்கும்.

மல்லிகையின் கதை இன்னும் சுவையானது. நாம் குண்டு மல்லிகை என்று சொல்லும் பூவுக்கு ஆங்கிலத்தில் அரேபிய மல்லிகை என்று பெயர். பஹ்ரைனில் அதை ராஸ்கி என்று சொல்லி மாலை கட்டுகிறார்கள். ஆனால் அதன் பிறப்பிடம் அரேபியா அல்ல. எமது தெற்காசியப் பக்கமே. எந்தக் காலத்திலோ யாரோ ஒருவர் கன்றாகவோ தடியாகவோ கொண்டு வந்து இங்கு வைத்திருக்கிறார். அவர் பெயர் எவருக்கும் தெரியாது. பூ நின்றுவிட்டது, வந்த நாட்டின் பெயரையே தன் பெயராகவும் பெற்றுவிட்டது. நாம் எமது என்று சொல்லும் மிளகாயும் போத்துக்கேயர் காலத்தில் அமெரிக்காவிலிருந்து எம்மிடம் வந்ததுதான்.

இதனால் நாமும் இங்கு வேரூன்றிவிடுவோம் என்று சொல்ல வரவில்லை. செடிக்கு விசா தேவையில்லை; மனிதனுக்குத் தேவை. ஆனால் நட்டவர் போய்விட்டார் என்பதனால் நட்டது வீண் என்று ஆகாது என்பதற்கு மல்லிகையே சாட்சி.

தண்ணீர்க் கணக்கு

இரண்டாவது கேள்வியை எளிதாகத் தள்ளிவிட முடியாது. டுபாயில் குழாயில் வரும் நீர் ஏறத்தாழ முழுவதும் கடல் நீரிலிருந்து எடுக்கப்படுவது. இன்றைய சவ்வு வடிகட்டல் முறையில் 1,000 லீற்றர் நன்னீர் பெற 3 முதல் 4 அலகு மின்சாரம் வேண்டும். பிரித்தெடுத்த உப்பு மறுபடியும் கடலுக்கே போகிறது. ஆகவே இங்கு ஒரு வாளி நீர் என்பது ஊர்க் கிணற்றில் துலாவை இழுத்து மொண்ட ஒரு வாளி அன்று. அதற்குள் எரிபொருளும் கடலின் உயிர்களும் அடங்கியிருக்கின்றன.

சரி, அளந்து பார்ப்போம். பத்துப் பதினைந்து சாடிகளும் ஒரு சிறு பாத்தியும் உள்ள முற்றத்துக்கு, குளிர் காலத்தில் நாளொன்றுக்கு 100 லீற்றர் தாராளமாகப் போதும். மாதத்துக்கு 3,000 லீற்றர். அதாவது 9 முதல் 12 அலகு மின்சாரம். ஒரு அறையின் குளிரூட்டி ஏழெட்டு மணித்தியாலம் ஓடினால் அவ்வளவு செலவாகிவிடும். இது பெரும் பாவம் என்று எமக்குத் தோன்றவில்லை. ஆனால் 100 சதுர மீற்றர் புல்தரையைக் கோடையில் பச்சையாக வைத்திருக்க முயன்றால் ஒரு நாளைக்கே 1,000 லீற்றர் வேண்டும். மாசியில் நாலு பூப் பார்ப்பதும், ஆடியில் புல்லை வளர்ப்பதும் ஒன்றல்ல. முதலாவது, இந்த நாட்டின் பருவத்தோடு ஒத்துப்போவது. இரண்டாவது, பருவத்தோடு காசைக் கொண்டு சண்டை பிடிப்பது.

இங்குள்ள பழைய மக்கள் இதில் எமக்கு ஆசிரியர்கள். ஓமானிலும் அல் ஐனிலும் மலையடி நீரை நிலத்தடி வாய்க்கால்களால் ஊருக்குக் கொண்டு வரும் பலஜ் என்ற முறை உண்டு. ஓமானில் இன்றும் ஏறத்தாழ 3,000 பலஜ்கள் பயன்பாட்டில் இருக்கின்றன. அவற்றுள் ஐந்தினை 2006 இலும், அல் ஐன் பாலைவனச் சோலைகளை 2011 இலும் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. அந்த நீரை நேரக் கணக்கில் பங்கிடுவர். பகலில் நிழலையும் இரவில் நட்சத்திரத்தையும் பார்த்து முறை மாற்றினர். ஓமானில் வாய்க்கால் ஊருக்குள் நுழையும் இடத்தில் குடிநீர். அதன்பின் குளிக்கவும் கழுவவும். அதன்பின் பேரீச்சை முதலிய நிலையான மரங்கள். கடைசியில்தான் பருவப் பயிர். மழை பொய்த்த ஆண்டில் பருவப் பயிரைக் கைவிட்டு மரத்தைக் காப்பாற்றுவர்.

இந்த வரிசையை நாமும் எமது வீடுகளில் பின்பற்றலாம். முதலில் மனிதர், பின்னர் நிலைத்து நிற்கும் மரம், கடைசியில் பருவப் பூ. அரிசி கழுவிய நீரும் மரக்கறி கழுவிய நீரும் குசினிக் குழாயோடு போகக் கூடாது. குளிரூட்டியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு இல்லை. கரையோர நகரங்களின் ஈரக் கோடையில் அது வாளிக் கணக்கில் வடிகிறது. அதைச் சாடிக்கு விடுவதற்கு ஒரு குழாய்த் துண்டு போதும். நகரசபைகளும் தெருவோரப் பூக்களுக்குச் சுத்திகரித்த கழிவுநீரையே பெரும்பாலும் பயன்படுத்துகின்றன. வீணாகும் நீரில் ஒரு பூ மலர்ந்தால் அதில் எவருக்கும் நட்டமில்லை.

ஊரில் விட்டு வந்த வளவு

மூன்றாவது கேள்வி எல்லாவற்றிலும் கனமானது. 1990 ஜூன் மாதத்தில் வலிகாமம் வடக்கு மக்கள் தமது வீடுகளை விட்டு வெளியேறினர். மயிலிட்டித் துறைமுகப் பகுதி விடுவிக்கப்பட்டது 2017 ஜூலையில். அதாவது 27 ஆண்டுகளின் பின்னர். செவ்வரத்தை வேலியும் முற்றத்து மல்லிகைப் பந்தலும் கிணற்றடி வாழையும் இருந்த இடங்களில், திரும்பிப் போனவர்களுக்குத் தம் வளவின் எல்லையையே கண்டுபிடிக்க முடியவில்லை. இப்படி இழந்தவர்கள் வேறொரு நாட்டில் பூக்கன்று வைத்துச் சிரிக்கலாமா?

கணக்கியலில் ஒரு விதி உண்டு. ஒருவரிடமிருந்து வர வேண்டிய கடனை, வேறொரு இடத்தில் உள்ள சொத்தோடு சேர்த்துக் கழித்து, இரண்டும் சரியாகிவிட்டது என்று காட்டக் கூடாது. இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். இங்கு நட்ட செவ்வரத்தை அங்கு இழந்த காணிக்கு நட்டஈடு ஆகாது. அங்கு இழந்த காணியின் பெயரால், இங்கு பூக்கும் செவ்வரத்தையைக் காணாமல் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. துக்கத்துக்கும் மகிழ்ச்சிக்கும் தனித்தனிப் பக்கங்கள் உண்டு. ஒன்றைக் கொண்டு மற்றதை அழிக்க முயல்வதுதான் மறதி.

இதில் நாம் பேசத் தயங்கும் ஒரு பக்கமும் இருக்கிறது. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் பல இலட்சம் பேர் மழையில் நடந்து தென்மராட்சிக்கும் அப்பாலும் போனதை நாம் ஆண்டுதோறும் நினைக்கிறோம். அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 இல், அதே ஒக்டோபர் 30 ஆம் திகதி, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணித்தியால அவகாசத்தில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வடமாகாணம் முழுவதிலும் வெளியேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களுக்கும் முற்றம் இருந்தது. மருதோன்றியும் முருங்கையும் தேசியும் இருந்தன. ஆளில்லாத வளவில் மரம் காய்ப்பதை நிறுத்துவதில்லை. அந்தக் காயைப் பறிப்பவர் என்ன நினைத்துப் பறிக்க வேண்டும்?

எமது பதில் இதுதான். மற்றவர் நட்டதை அனுபவிக்கும் ஒவ்வொருவரும் நட்டவருக்குக் கடன்பட்டவர். அவர் திரும்பி வந்தால் வழிவிட வேண்டும். வரும்வரை வாட விடாமற் பார்க்க வேண்டும். அவர் வரவே மாட்டார் என்றால், அந்தக் கடனை அடுத்து வருபவருக்குக் கொடுத்துத் தீர்க்க வேண்டும். 1995 இல் தென்மராட்சியில் முன்பின் தெரியாத யாரோ ஒருவரின் மாமரத்தடியில் படுத்தெழும்பிய குடும்பங்கள் எத்தனை! அந்த மாமரத்தை நட்டவர் அவர்களுக்காக நடவில்லை. ஆனாலும் அன்று நிழல் அவர்களுக்குக் கிடைத்தது. அந்தக் கடனைத் தென்மராட்சிக்கே போய்த்தான் கொடுக்க வேண்டும் என்று இல்லை. சார்ஜாவில் ஒரு வாடகை வீட்டு முற்றத்திலும் கொடுக்கலாம்.

பலன் யாருக்கு?

பலனை எதிர்பாராமல் கருமத்தைச் செய் என்று நாம் கோவிலில் கேட்டுப் பழகியிருக்கிறோம். தோட்டம் செய்பவருக்கு இது முதலில் விளங்குவதில்லை. பலனை எதிர்பாராதவர் கன்றுக்குத் தண்ணீர் விடுவாரா? பூச்சி பிடித்தால் கவலைப்படுவாரா? தோட்டக்காரர் பலனை எதிர்பார்த்தே தீர வேண்டும். கன்று பிழைக்க வேண்டும், பூ வர வேண்டும் என்று அவர் மனம் வைக்க வேண்டும். அந்தப் பூ தன் கைக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காமல் இருப்பதே அவருக்குரிய பற்றின்மை என்று நாம் கருதுகிறோம்.

ஆனால் இந்த உபதேசத்தை யாருக்குச் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2013 பெப்ரவரியில் திறக்கப்பட்ட டுபாய் மிரக்கிள் கார்டனில் 72,000 சதுர மீற்றர் நிலத்தில் கோடிக்கணக்கான பூக்களைப் பார்த்து வியந்து, படம் பிடித்துக்கொண்டு வருகிறோம். வளைகுடா நகரங்களில் இப்படிப் பூ நட்டு நீர் விடும் தொழிலாளர்கள் பெரும்பாலும் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள். எம்மிலும் நிச்சயமற்ற வாழ்வு அவர்களுடையது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டெம்பர் 15 வரை நண்பகல் 12.30 மணியிலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்ற விதி இருக்கிறது. மற்ற நேரங்களின் வெயிலும் வெயில்தான். கூலி கிடைக்க வேண்டியவரிடம் பலனை எதிர்பாராதே என்று சொல்வது ஆன்மீகம் அன்று. அது சுரண்டலுக்குத் திருநீறு பூசுவது. பற்றின்மையை ஒருவர் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளலாம். மற்றவருக்குச் சொல்ல வேண்டியது நன்றியும், நேரத்துக்குக் கூலியும், ஒரு போத்தல் குளிர்ந்த நீரும்தான்.

ஒப்படைக்கும் முறை

இனிச் செய்ய வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். பங்குனி முடிவதற்குள் காய்ந்த செவ்வந்திப் பூக்களிலிருந்து விதை எடுத்து, நிழலில் உலர்த்தி, கடதாசிப் பையில் மாதமும் ஆண்டும் எழுதி வையுங்கள். சித்திரையில் சாடிகளை மேற்கு மதிலோரத்திலிருந்து கிழக்கு நிழலுக்கு நகர்த்துங்கள். கறிவேப்பிலை, மல்லிகை, செவ்வரத்தை, நித்தியகல்யாணி ஆகியவற்றின் அடியில் காய்ந்த இலைகளைத் தடிப்பாகப் பரப்பி, அதிகாலையிலோ பொழுதுபட்ட பின்னரோ நீர் விட்டால் அவை கோடையைத் தாண்டிவிடும். பூ முடிந்த பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பிளாஸ்ரிக் விரிப்பால் மூடி, ஓரங்களில் மண் அணைத்து, நாலு முதல் ஆறு கிழமை வெயிலில் விடுங்கள். களை விதைகளும் வேர்ப்புழுக்களும் பெரும்பாலும் அந்த வெப்பத்திலேயே அழியும். புரட்டாதியில் ஒருமுறை நிறைய நீர் விட்டு மண்ணின் உப்பைக் கழுவி, எருவும் இலைப்பசளையும் கலந்து, ஐப்பசிக்கு ஆயத்தமாகுங்கள்.

வீடு மாறவோ நாடு மாறவோ நேர்ந்தால் கன்றைப் பிடுங்கி எறியாதீர்கள். காய விட்டுவிட்டும் போகாதீர்கள். சாடியில் இருப்பதைத் தேவைப்பட்ட குடும்பத்துக்குக் கொடுங்கள். நிலத்தில் இருப்பதற்கு, எது என்ன கன்று, எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர் வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி, வருபவரிடமோ காவலாளியிடமோ கொடுத்துவிட்டுப் போங்கள். விதைப் பையையும் அதோடு வையுங்கள். வருபவர் எந்த நாட்டவர், எந்தச் சமயத்தவர் என்று பார்க்க வேண்டியதில்லை. அதேபோல் நாம் குடிபுகும் வீட்டில் முன்னிருந்தவர் வைத்துவிட்டுப் போன ஒரு கன்று வாடிக் கிடந்தால், வீடு கூட்டுவதற்கு முன் அதற்கு ஒரு செம்பு நீர் விடுவோம்.

பெரியவர் கேட்ட கேள்விக்கு நாம் சொல்லக்கூடிய பதில், வரப்போகும் ஆளுக்கு என்பதே. அந்த ஆள் எம் பிள்ளையாகவும் இருக்கலாம். ஒருபோதும் எம்மைச் சந்திக்காத வேறொருவராகவும் இருக்கலாம். ஐப்பசி வர இன்னும் காலம் இருக்கிறது. விதை சேர்க்கும் காலம் இதுவே.

அனைவர் முற்றமும் பூத்துக் குலுங்குவதாக.